எந்த வேலைக்கு எந்த வயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயரிங் பற்றிப் பேச்சு எடுத்தாலே அதே பத்து இருபது சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆள் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கணக்குகள் எல்லாம் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸுக்கு. வேறு வோல்டேஜ் வரும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன். உங்கள் நாட்டு மின் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். வயரைத் தேர்ந்தெடுக்கத்தான் இந்தப் பக்கம், இணைப்புக் கொடுக்கும் வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

வயர் கேட்டால் "எத்தனை எம்எம்"னு திருப்பிக் கேட்கிறாங்க. அது வயரோட தடிமனா?

இல்லை. வயரைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற உலோகத்தின் பரப்பளவு அது, சதுர மில்லிமீட்டரில். "இரண்டரை எம்எம்" என்பது 2.5 சதுர மிமீ. ஒற்றைக் கம்பியாக இருந்தால் அதன் விட்டம் ஏறக்குறைய 1.8 மிமீதான் வரும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் இந்தக் கணக்கிலேயே கிடையாது, அதனால் குண்டாகத் தெரிகிற வயரெல்லாம் பெரிய வயர் என்று நினைத்துவிட வேண்டாம். வழக்கமான அளவுகள் 1, 1.5, 2.5, 4, 6, 10, 16 என்று போகும்.

பழைய ஆட்கள் 3/20, 7/20 என்று சொல்வார்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஒவ்வொரு இழையின் பிரிட்டிஷ் கேஜ் எண். 3/20 என்றால் கிட்டத்தட்ட 2 சதுர மிமீ, 7/20 என்றால் சுமார் 4.6. அமெரிக்க கேஜ் முறை வேறு, அதிலும் எண் கூடக் கூட வயர் மெலியும்: 14 என்பது 2.1 சதுர மிமீ, 12 என்பது 3.3, 10 என்பது 5.3.

கணக்கெல்லாம் வேண்டாம், எந்தச் சாமானுக்கு எத்தனை எம்எம்னு மட்டும் சொல்லுங்க.

சரி, செம்பு வயருக்குச் சொல்கிறேன். லைட், ஃபேனுக்கு 1.5. பவர் பிளக்குக்கு 2.5. இரண்டு, மூன்று கிலோவாட் கீசருக்கு 2.5, ஆனால் தனி லைனாக இழுக்க வேண்டும். தொட்டியில்லாமல் உடனே சூடாக்கும் 4.5 கிலோவாட் கீசருக்கு 4. ஒன்றரை டன் ஏசிக்கு 2.5 கணக்கில் போதும், நான் 4 போடச் சொல்வேன், காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது. ஏழு கிலோவாட் இண்டக்‌ஷன் மேடைக்கு 6. மின்சாரக் காரை 7.4 கிலோவாட்டில் சார்ஜ் செய்ய குறைந்தது 6, தூரம் அதிகம் என்றால் 10.

இதற்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு வகுத்தல்: வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 3000 வாட் கீசர் 13 ஆம்பியர், 7400 வாட் சார்ஜர் 32 ஆம்பியர். கீசர் அரை மணி நேரத்தில் அணைந்துவிடும், கார் சார்ஜர் ராத்திரி முழுக்க அதே 32 ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அதற்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்கிறேன்.

இரண்டரை எம்எம் வயர் எத்தனை ஆம்பியர் தாங்கும்? ஒருத்தர் 16ங்கிறார், ஒருத்தர் 24ங்கிறார், யாரை நம்புறது?

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். வயர் எவ்வளவு கரண்டைத் தாங்கும் என்பது அதில் உண்டாகும் சூடு எவ்வளவு சுலபமாக வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண பிவிசி வயரின் செம்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சுற்றுச் சூடு 30 டிகிரி, பைப்புக்குள் ஒரே ஒரு சர்க்யூட் என்று வைத்துக்கொண்டால் சர்வதேச அட்டவணை 1.5-க்கு 17.5 ஆம்பியர், 2.5-க்கு 24, 4-க்கு 32, 6-க்கு 41, 10-க்கு 57 என்று கொடுக்கிறது.

இப்போது நிஜ நிலைமைக்கு வருவோம். மொட்டை மாடிக்குக் கீழே ஓடும் பைப், சுற்றுச் சூடு 40 டிகிரி: 0.87-ஆல் பெருக்க வேண்டும். அதே பைப்பில் மூன்று சர்க்யூட் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன: இன்னொரு 0.70. இருபத்து நான்கு ஆம்பியர் 14.6 ஆகிவிட்டது. 50 டிகிரி என்றால் முதல் எண்ணே 0.71. பைப்புக்குள் வயர்களைத் திணிக்கும் பழக்கம் எவ்வளவு விலை கேட்கிறது என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஏசிக்கு 4 போடச் சொன்னதும் இதனால்தான். ஏசி அதிகம் ஓடுவதே வெயில் அதிகம் இருக்கும்போதுதானே.

எம்சிபி அடிக்கடி விழுந்துக்கிட்டே இருக்கு. 16-ஐ எடுத்துட்டு 32 மாட்டிட்டா தொல்லை விடும்ல?

விடும். எம்சிபி விழாது, வயர் எரியும்.

எம்சிபி, அதாவது கரண்ட் எல்லை மீறினால் தானாக அணையும் சுவிட்ச், இருப்பது உங்கள் மிக்ஸியையோ டிவியையோ காப்பாற்ற அல்ல, சுவருக்குள் போகும் வயரைக் காப்பாற்ற. விதி இதுதான்: லோடு இழுக்கும் கரண்டை விட எம்சிபி பெரிதாக இருக்க வேண்டும், எம்சிபியை விட வயரின் தாங்கும் திறன் பெரிதாக இருக்க வேண்டும். முந்தைய பதிலில் 14.6 ஆம்பியருக்கு இறங்கிய வயரில் 16 ஆம்பியர் எம்சிபி போட்டாலே விதி மீறல், 32 போட்டால் காவலே இல்லை. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 16 ஆம்பியர் எம்சிபி 17 ஆம்பியரில் டக்கென்று விழாது. 1.13 மடங்கு வரை, அதாவது சுமார் 18 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரத்துக்கு விழவே கூடாது என்றுதான் அதன் தரநிர்ணயம் சொல்கிறது, 1.45 மடங்கில், சுமார் 23 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும். அந்த ஒரு மணி நேரமும் சூட்டை வாங்குவது வயர்தான்.

அடிக்கடி விழுகிறது என்றால் காரணம் மூன்றில் ஒன்று: அந்த லைனில் லோடு அதிகம், ஏதோ ஒரு சாமானில் கோளாறு, அல்லது எம்சிபியின் திருகு தளர்ந்து அதுவே சூடாகிறது. முதலாவது என்றால் புது லைன் இழுங்கள். பெரிய எம்சிபி போட வேண்டுமானால் முதலில் வயரை மாற்ற வேண்டும்.

ஒத்தக் கம்பி வயரா, பல இழை வயரா? பல இழையில கரண்ட் அதிகமாப் போகும்னு சொல்றாங்களே?

போகாது. செம்பின் பரப்பளவு சமமாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். கரண்ட் கம்பியின் மேற்பரப்பில் மட்டும் ஓடும், அதனால் இழை அதிகம் இருந்தால் நல்லது என்று ஒரு விளக்கம் உலவுகிறது. 50 ஹெர்ட்ஸில் செம்புக்குள் கரண்ட் இறங்கும் ஆழம் 9 மிமீக்கும் மேல், நம் வயரின் மொத்த விட்டமே அதில் பாதிகூட இல்லை, ஆக அந்தப் பேச்சு வீட்டு வயருக்குப் பொருந்தாது.

வித்தியாசம் வளைவதில்தான். பைப்பில் வளைவுகள் வழியே இழுக்க பல இழை சுலபம். தினமும் ஆடும் இடத்தில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அயர்ன் பாக்ஸ், கை டிரில் போன்றவற்றில், மெல்லிய இழைகள் நிறைய உள்ள நெகிழ் வயர்தான் வேண்டும். அங்கே ஒற்றைக் கம்பி போட்டால் வளைந்து வளைந்து உள்ளுக்குள் முறிந்துவிடும்.

பல இழையின் பலவீனம் அதன் நுனி. திருகுக்கு அடியில் இழைகள் பிதுங்கி நாலு பக்கமும் போகும். ஓட்டைக்குள் நுழையவில்லை என்று நான்கைந்து இழைகளை வெட்டி எறிபவர்கள் உண்டு. இரண்டரை வயர் அந்த இடத்தில் இரண்டாகிவிடும், சூடும் சரியாக அங்கேதான் ஏறும். நுனிக்கு ஃபெர்ரூல் அல்லது லக் எனும் சிறிய உலோகக் குப்பியைப் போட்டு, கருவியால் நெரித்து இறுக்குவதுதான் (கிரிம்ப்) முறை. ஈயம் வைத்துப் பூசித் திருகுவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி வழிவிடும், சில மாதங்களில் திருகு தளர்ந்திருக்கும்.

அலுமினியம் மலிவா கிடைக்குது. போடலாமா கூடாதா?

அலுமினியத்தின் கடத்தும் திறன் செம்பில் ஏறக்குறைய 61 சதவீதம். அதே கரண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு அளவு பெரிய வயர் வேண்டும். அப்படிப் போட்டாலும் எடை பாதிதான் வரும், அதனால்தான் கம்பத்துக்குக் கம்பம் போகும் லைன்களிலும், தெருவிலிருந்து மீட்டருக்கு வரும் பெரிய கேபிள்களிலும் அலுமினியம் இருக்கிறது. அங்கே அது சரியான தேர்வு.

வீட்டுக்குள் சிறிய அளவுகளில் வேண்டாம். அலுமினியத்தின் மேல் காற்று பட்டவுடன் மின்சாரத்தைக் கடத்தாத ஒரு படலம் உண்டாகும், சூட்டில் செம்பை விட அதிகம் விரியும், திருகின் அழுத்தத்தில் நசுங்கும். மூன்றும் சேர்ந்தால் இணைப்பு தளர்ந்து பொறி பறக்கும். 1960-களின் நடுவிலிருந்து 70-களின் தொடக்கம் வரை அமெரிக்க வீடுகளில் அலுமினிய வயர் போட்டுப் பட்ட பாடு இதுதான். செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்குவது அதைவிட மோசம். ஈரம் பட்டால் அரித்துவிடும். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு உலோகத்துக்கும் ஏற்ற பைமெட்டல் லக் உண்டு.

வாங்கின வயர்ல உண்மையிலேயே செம்புதான் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இங்கே பயப்பட வேண்டியது அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய வயரைப் பார்த்து. வெளியே செம்பு நிறம், உள்ளே அலுமினியம். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் சந்தேகம் உறுதி. தகரம் பூசிய செம்பு இதற்கு நேர் எதிர், வெளியே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு. அது நல்ல வயர், குழப்பிக்கொள்ள வேண்டாம். வெட்டி எடுத்த ஒரு மெல்லிய இழையை இடுக்கியில் பிடித்து அடுப்புத் தணலில் காட்டினாலும் தெரியும்: அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகித் தொங்கிவிடும், செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், அதனால் செக்கச் சிவந்து நிற்கும்.

சுருளைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் எளிது. 100 மீட்டர் 2.5 சதுர மிமீ வயரில் செம்பு மட்டுமே 2.2 கிலோ இருக்க வேண்டும், பிளாஸ்டிக் தனி. மொத்தச் சுருளே அதைவிடக் குறைவாக நின்றால் ஒன்று செம்பு இல்லை, அல்லது அளவில் அடித்திருக்கிறார்கள், அல்லது நீளத்தில். நுட்பமான ஓம் மீட்டர் வைத்திருப்பவர்கள் அதே 100 மீட்டருக்கு 0.8 ஓமுக்கு மேல் காட்டுகிறதா என்று பார்க்கலாம். சாதாரண மல்டிமீட்டரை இதற்கு நம்ப முடியாது, அதன் புரோப் கம்பிகளே சில பத்தில் ஒரு பங்கு ஓமைக் காட்டிவிடும்.

எஃப்ஆர், எஃப்ஆர்எல்எஸ், ஹாலஜன் இல்லாததுன்னு மேலே போட்டிருக்கே, இதெல்லாம் விளம்பரமா?

விளம்பரம் இல்லை, ஆனால் அதன் பொருளைப் பலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். எஃப்ஆர் என்றால் தீ பட்டாலும் அந்தத் தீயைச் சுலபத்தில் பரப்பாத வயர். எரியும்போது வேலை செய்துகொண்டே இருக்கும் என்று அர்த்தம் இல்லை. எஃப்ஆர்எல்எஸ் என்றால் கூடவே புகையும் குறைவு. பிவிசியில் குளோரின் என்ற ஹாலஜன் இருக்கிறது. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம், கண்ணும் மூச்சுக்குழலும்தான் முதலில் பாதிக்கப்படும். ஹாலஜன் இல்லாத வயரில் அந்த வாயு வராது, புகையும் மெலிதாக இருக்கும்.

தனி வீட்டுக்கு எஃப்ஆர் அல்லது எஃப்ஆர்எல்எஸ் போதும் என்பது என் கருத்து. மாடிப்படி வழியாகப் பல பேர் வெளியேற வேண்டிய அடுக்குமாடி, மருத்துவமனை, பள்ளி என்றால் ஹாலஜன் இல்லாதது. தீ எச்சரிக்கை மணி, அவசர விளக்கு, தீயணைப்பு பம்பு ஆகியவற்றுக்கு இது எதுவும் போதாது. அவை தீ நடுவிலும் ஓட வேண்டும், அதற்கு மைக்கா நாடா சுற்றிய தீ தாங்கும் கேபிள் தனியாக உண்டு.

எர்த் வயர்ல கரண்டே போறதில்லையே, மெலிசா போட்டா என்ன?

தினமும் போகாது, தப்பு நடக்கும் அந்த ஒரு கணத்தில் பல நூறு ஆம்பியர் போகும். எம்சிபி உடனே விழ வேண்டுமானால் அந்தக் கரண்டுக்குத் தடையில்லாத வழி வேண்டும். பொதுவான கணக்கு: ஃபேஸ் வயர் 16 சதுர மிமீ வரை எர்த்தும் அதே அளவு, 16-லிருந்து 35 வரை எர்த் 16, அதற்கு மேல் ஃபேஸில் பாதி. கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டிருந்தாலும் எர்த்தை விட்டுவிடக் கூடாது.

நிறம் எந்த நிறமா இருந்தா என்ன, உள்ள செம்பு ஒண்ணுதானே?

இன்று இழுப்பவருக்கு ஒன்றுதான். பத்து வருடம் கழித்து அதைத் திறப்பவருக்கு இல்லை. சர்வதேச முறையில் ஃபேஸ் பழுப்பு, நியூட்ரல் நீலம், எர்த் பச்சை-மஞ்சள் கோடு. இந்தியாவில் ஃபேஸ்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. அமெரிக்காவில் ஃபேஸ் பெரும்பாலும் கறுப்பு, நியூட்ரல் வெள்ளை. மறுபடி படித்துப் பாருங்கள்: ஓரிடத்தில் நீலம் நியூட்ரல், இன்னோரிடத்தில் அதுவே ஃபேஸ். கறுப்புக்கும் அதே கதை. வெளிநாட்டில் செய்த இயந்திரத்தை உள்ளூர் வயரோடு இணைக்கும்போது நிறத்தை நம்பாமல் டெஸ்டர் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். பச்சையை எந்தக் காரணத்துக்காகவும் ஃபேஸுக்குப் போடக் கூடாது, "வேற கலர் தீர்ந்துபோச்சு" என்பது காரணமே அல்ல.

வெளியில வெயில்ல போற லைனுக்கும் வீட்டு வயரே போதுமா? மண்ணுக்குள்ள புதைக்கலாமா?

இரண்டுக்கும் கூடாது. வீட்டு வயருக்கு ஒரே ஒரு அடுக்கு பிளாஸ்டிக்தான், அது பைப்புக்குள் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. வெயிலில் புற ஊதா கதிர் பட்டு வெளுத்து, மொறமொறப்பாகி, விரலால் வளைத்தாலே வெடிப்பு விடும். வெளியே போவது கறுப்பு வெளியுறை போட்ட கேபிளாக இருக்கட்டும்; அந்தக் கறுப்பு கார்பன் துகள்தான் கதிரைத் தடுக்கிறது. மண்ணுக்குள் என்றால் எஃகுக் கம்பி அல்லது பட்டை சுற்றிய ஆர்மர்ட் கேபிள், சுமார் 60 செமீ ஆழம், மேலே எச்சரிக்கை நாடா. எக்ஸ்எல்பிஇ (குறுக்கிணைப்பு பாலிஎத்திலீன்) காப்பு உள்ளது 90 டிகிரி வரை தாங்கும், வெளி வேலைக்கு நான் அதைத்தான் எடுப்பேன்.

பின்கட்டு அறை 40 மீட்டர் தள்ளி இருக்கு. லோடு 15 ஆம்பியர்தான். 2.5 போதுமா?

பைப்பில் தனியாகப் போனால் மேலே சொன்ன சூட்டுக் கணக்கில் பாஸ். தூரக் கணக்கில் இடிக்கும். 2.5 செம்பு வயரின் தடை கிலோமீட்டருக்கு 7.41 ஓம். 40 மீட்டர் போய் 40 மீட்டர் திரும்ப வர வேண்டும், ஆக 80 மீட்டர், 0.59 ஓம். அதில் 15 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 9 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும், ஏறக்குறைய 4 சதவீதம். லைட்டுக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதம் என்பதுதான் பரவலாகப் பின்பற்றும் எல்லை, அதுவும் மீட்டரிலிருந்து கடைசி பிளக் வரைக்கும் சேர்த்து. அந்த 9 வோல்ட் எங்கும் போகவில்லை, 133 வாட் சூடாக வயர் நெடுக இருக்கிறது.

4 சதுர மிமீ போட்டால் இழப்பு 5.5 வோல்ட், 2.4 சதவீதம். இந்த வேலைக்கு அதுதான் சரி. 30 மீட்டருக்கு மேல் எதை இழுத்தாலும் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுவிடுங்கள்.

அப்போ மோட்டாருக்கும் இதே கணக்குதானா?

இதேதான், கூடவே ஒரு சிக்கல். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப் போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு இழுக்கும். ஓடும்போது 8 வோல்ட் குறைகிற லைனில் கிளம்பும்போது 40, 50 வோல்ட் குறையும். மோட்டார் முனகிக்கொண்டே நிற்கும், சுருள் கருகும். நீண்ட லைனில் மோட்டாருக்கு ஓட்டக் கரண்டில் 3 சதவீதத்துக்குள் நிற்கும்படி அளவு எடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கும் பகுதிக்குத் தண்ணீரில் ஊறக்கூடிய தட்டை கேபிள் தனி; அதைச் சாதாரண நாடா சுற்றி ஒட்டுப்போட்டு இறக்குவது மோட்டாரைத் தொலைக்கும் வழி.

12 வோல்ட்தானே, ஷாக்கே அடிக்காது. மெலிசு வயர் போதும்ல?

ஷாக் அடிக்காது, தீப்பிடிக்கும். வோல்டேஜ் குறைந்தால் அதே வாட்டுக்குக் கரண்ட் கூடும். 800 வாட் இன்வெர்ட்டர் 230 வோல்ட் பக்கம் மூன்றரை ஆம்பியர் கொடுக்கிறது என்றால் பேட்டரிப் பக்கம் 67 ஆம்பியர் இழுக்கிறது, இழப்பையும் சேர்த்தால் இன்னும் மேலே. அந்த இரண்டு கம்பிகளும் 16-லிருந்து 25 சதுர மிமீ, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டை, பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். பேட்டரியில் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொட்டும், நடுவில் ஃபியூஸ் இல்லையென்றால் வயரே ஃபியூஸ்.

எல்இடி பட்டைக்கும் இதே விஷயம் வேறு வடிவத்தில். 60 வாட் பட்டை 5 ஆம்பியர். 10 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மிமீ போட்டால் 1.8 வோல்ட் போய்விடும், 12-இல் அது 15 சதவீதம், வெளிச்சம் மங்கும். 2.5 போடுங்கள், அல்லது 24 வோல்ட் பட்டை வாங்குங்கள்; கரண்ட் பாதியாகும், இழப்பு சதவீதம் நாலில் ஒரு பங்காகும்.

சோலார் பேனல்ல இருந்து சாதாரண வயர்லயே இறக்கிட்டேன், நல்லாத்தான் ஓடுது. மாத்தணுமா?

மாற்றுங்கள். வெயில் பற்றி மேலே சொன்னது இங்கே முழுசாகப் பொருந்தும், கூடவே இரண்டு காரணம். பேனல்களை வரிசையாகச் சேர்த்தால் பல நூறு வோல்ட் டிசி வரும். வீட்டு வயர் அதற்காகச் செய்யப்படவில்லை. அப்புறம், ஏசியில் பொறி கிளம்பினால் நொடிக்கு நூறு தடவை கரண்ட் பூஜ்யத்தைத் தொடுவதால் அணைய வாய்ப்பு உண்டு, டிசியில் அந்த வாய்ப்பே கிடையாது, ஒரு தடவை பற்றினால் எரிந்துகொண்டே இருக்கும். சோலார் கேபிள் என்று தனியாக விற்பது 1500 வோல்ட் டிசிக்கானது, தகரம் பூசிய செம்பு, இரண்டு அடுக்குக் காப்பு. 4 அல்லது 6 சதுர மிமீ, தூரத்தைப் பொறுத்து.

எக்ஸ்டென்ஷன் ரீல்ல ஹீட்டர் போட்டா வயர் உருகிடுச்சு. டூப்ளிகேட்டா?

சுருட்டி வைத்தபடியே போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். சுருளுக்குள் இருக்கும் வயரின் சூடு வெளியேற வழியில்லை, பைப்புக்குள் பல சர்க்யூட் திணிப்பது போன்ற அதே நிலைமை, இன்னும் மோசமாக. நல்ல ரீல்களில் இரண்டு எண் அச்சிட்டிருப்பார்கள்: சுற்றியிருக்கும்போது இவ்வளவு வாட், முழுக்க விரித்தால் இவ்வளவு. ஹீட்டருக்குக் குறைந்தது 1.5 சதுர மிமீ, முழுக்க விரித்து.

ஓவன், அடுப்புக்குப் பக்கத்துல போற வயர் கருகிக்கிட்டே இருக்கு.

பிவிசி 70 டிகிரிக்குத்தான். சிலிகான் ரப்பர் வயர் 180 டிகிரி வரை தாங்கும், கண்ணாடி இழை சுற்றியது கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் கருகுவது வயர் நெடுகவா, திருகுக்குப் பக்கத்தில் மட்டுமா என்று பாருங்கள். திருகுப் பக்கம் மட்டும் என்றால் அடுப்புச் சூடு காரணம் இல்லை, தளர்ந்த இணைப்பு.

லேன் கேபிளையும் சிசிடிவி வயரையும் கரண்ட் பைப்புலயே இழுத்துடலாமா?

வேண்டாம். பாதுகாப்பும் போகும், சிக்னலும் இரையும். தனி பைப், முடிந்தவரை தள்ளி. குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாக. சுவருக்குள் போவதற்கு ஒற்றைக் கம்பி கேட் 6, 100 மீட்டர் வரை. கம்ப்யூட்டருக்கும் சுவருக்கும் நடுவில் மட்டும் இழை உள்ள பேட்ச் கார்டு. டிவி ஆன்டெனாவுக்கு 75 ஓம் கோஆக்சியல். கேமராவுக்கு அந்த லேன் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்புகிறீர்கள் என்றால் செம்பு முலாம் அலுமினியத்தை அறவே தவிருங்கள், தூரத்தில் இருக்கும் கேமரா ராத்திரி விளக்கு எரியும்போது மட்டும் அணைந்து அணைந்து வரும், காரணம் தேடியே அலுத்துவிடுவீர்கள்.

இரண்டு 1.5 வயரைச் சேர்த்து முறுக்கினா 3 எம்எம் ஆகிடும்தானே?

தாளில் ஆகும். ஒரு நுனி கழன்றுவிட்டால்? லைன் ஓடிக்கொண்டேதான் இருக்கும், யாருக்கும் தெரியாது, மொத்தக் கரண்டும் ஒரு 1.5 வயரில் போகும், 3 எம்எம் கணக்கில் போட்ட எம்சிபி பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய கேபிள்களில் இணையாக இழுப்பது உண்டு, அதற்கு விதிகள் தனி. வீட்டில் 4 வாங்கிப் போடுங்கள். இதன் தம்பிக் கேள்வி ஒன்று: "4 எம்எம் லைனிலிருந்து 1.5 கிளை எடுக்கலாமா?" எடுக்கலாம், ஆனால் எம்சிபி 1.5-க்கு ஏற்றதாக இருக்க வேண்டும். லைனில் எது மெலிதோ அதற்குத்தான் எம்சிபி.

த்ரீ ஃபேஸ்ல நியூட்ரல்ல கரண்ட் கேன்சல் ஆகிடுமே, நியூட்ரலைச் சின்னதாப் போடலாமா?

மூன்று ஃபேஸிலும் சமமாக ஹீட்டர் மட்டும் இருந்தால் கேன்சல் ஆகும். எல்இடி, கம்ப்யூட்டர், சார்ஜர் எல்லாம் கரண்டைச் சீராக இழுக்காமல் துண்டு துண்டாக இழுக்கின்றன. அதில் உண்டாகும் மூன்றாவது ஹார்மோனிக், அதாவது மூன்று மடங்கு வேகத்தில் அடிக்கும் கரண்ட் அலை, நியூட்ரலில் கழியாது, மூன்று ஃபேஸிலிருந்து வருவதும் கூடும். இப்படிப்பட்ட லோடு நிறைந்த அலுவலகத்தில் ஃபேஸை விட நியூட்ரலில் கரண்ட் அதிகம் ஓடலாம். குறைந்தது ஃபேஸ் அளவு, அங்கே அதற்கு மேலும். நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்: லோடு குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் 230-ஐத் தாண்டி 400-ஐ நோக்கி ஏறும், அந்த ஃபேஸில் இருக்கிற டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் போகும்.

வயரிங் போட்டு ரொம்ப வருஷம் ஆச்சு, இன்னும் ஓடுது. ஓடுற வயரை எதுக்கு மாத்தணும்?

செம்பு கிழடாகாது, அதன் மேல் உள்ள காப்பு ஆகும். தாங்கும் எல்லைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அதனால் வருடத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. லோடு குறைவாக ஓடிய வயர் நாற்பது வருடம் கழித்தும் நன்றாக இருக்கலாம், ஏசி லைனாக மாற்றப்பட்ட பழைய லைட் வயர் ஐந்தே வருடத்தில் கருகியிருக்கலாம்.

மெயினை அணைத்து, சாமான்களை எல்லாம் பிளக்கிலிருந்து கழற்றி, எலக்ட்ரீஷியனை 500 வோல்ட் மெக்கர் (காப்பைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டாக அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைனை மாற்றியே ஆக வேண்டும். ஒரு ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து வயரை லேசாக வளைத்துப் பார்ப்பதும் உதவும், உறையில் வெடிப்பு விழுந்தாலோ உதிர்ந்தாலோ அளக்கக்கூடத் தேவையில்லை. பணம் ஒரே தடவையில் இல்லையென்றால் முதலில் கீசர், ஏசி, சமையலறை லைன்களை மாற்றுங்கள். லைட், ஃபேன் லைன்கள் காத்திருக்கலாம், மெக்கர் அவற்றைச் சரியென்று காட்டினால்.